மாதுளை யாருடைய சின்னம்?

ஸ்பெயினின் கிரனாடா நகரிலிருந்து அல்ஹம்பிரா அரண்மனைக்கு ஏறும் வழியில் ‘மாதுளை வாயில்’ என்றொரு கல் வாயில் நிற்கிறது. அதன் உச்சியில் வெடித்து மணிகள் தெரியும் மூன்று மாதுளைகள் செதுக்கப்பட்டுள்ளன. அல்ஹம்பிராவை எழுப்பிய நஸ்ரி மரபு முஸ்லிம் அரசர்களின் கலையாகவே இவற்றையும் கருதிவிடுவது எளிது. ஆனால், இவ்வாயில் 16ஆம் நூற்றாண்டினது. பழைய வாயிலொன்று இருந்த இடத்தில், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் காலத்தில் பெட்ரோ மச்சூக்கா அமைத்தது. மாதுளைகளோடு அதில் இடம்பெற்றிருப்பது அப்பேரரசரின் அரசச் சின்னமே.

கட்டடத்தின் காலம் உணர்த்தும் இவ்வுண்மையை மொழியும் உறுதி செய்கிறது. அரபியில் நகரின் பெயர் கர்னாத்தா. மாதுளையின் பெயர் ரும்மான். இரண்டுக்கும் ஒலியுறவு இல்லை. காஸ்டீலிய மொழியிலோ நகருக்கும் பழத்துக்கும் ஒரே சொல்: கிரனாடா. பழத்தின் பெயர், ‘மணிகள் கொண்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. எனவே, நகரைக் குறிக்கும் மாதுளை ஒரு சிலேடை. வென்றவர்களின் மொழியில் மட்டுமே அது பொருள் தரும். 1492 ஜனவரி 2இல் நகரம் இசபெல்லா, ஃபெர்டினாண்டு ஆகியோர் வசமானபின் அவர்களது அரசச் சின்னத்தின் அடியில் மாதுளை சேர்ந்தது. இன்றைய ஸ்பெயின் கொடியிலுள்ள சின்னத்திலும் அது உண்டு. நஸ்ரி அரசர்கள் தம் சுவர்களில் மீண்டும் மீண்டும் பொறித்ததோ, ‘இறைவனன்றி வெல்பவர் இல்லை’ என்னும் வாசகம்.

இதனால் மாதுளைக்கும் அந்தலூசிய முஸ்லிம்களுக்கும் தொடர்பில்லை என்றாகாது. குர்ஆன் வருணிக்கும் சுவனத்தில் மாதுளை உண்டு. 8ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான், தம் முன்னோரின் சிரிய மாளிகையை நினைந்து ‘ருசாஃபா’ என்னும் தோட்ட மாளிகையை அமைத்தார். சிரியாவிலிருந்து வந்த மாதுளையைச் சஃபர் என்பவர் விதையிட்டு வளர்த்து, கனியை அரசரிடம் கொணர்ந்தார் என்று அல்மக்கரி எழுதுகிறார். அவ்வகை சஃபரி எனப் பெயர் பெற்றது. ‘ஸஃபரி’ என்று ஸ்பானிய மொழியில் அச்சொல் இன்னும் வழங்குகிறது.

ஆக, கல்லில் செதுக்கிய மாதுளை வெற்றியின் முத்திரை. தோட்டத்து மாதுளையின் வரலாறு வேறு. அதற்குச் சான்று வாயிலில் இல்லை, ஒரு பழவகையின் பெயரில் இருக்கிறது. அலங்கார உருவொன்றைக் காணும்போது, அது எந்த மொழியில் பொருள் தருகிறது என்று முதலில் கேட்பது நன்று.