கோட்டின் உள்பக்கம்

லண்டனில் சாவில் ரோ என்று ஒரு தெரு. பெயர்தான் பெரிசு, தெரு சின்னது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரிந்துவிடும். ஆனால் ராஜ வம்சத்தார், மந்திரிகள், ஹாலிவுட் நட்சத்திரங்கள் என்று அங்கே அளவு கொடுத்துவிட்டுப் போனவர்களின் பட்டியல் ரொம்ப நீளம். கோட்டு சூட்டு தைப்பதில் அந்தத் தெருவைத் தாண்டி உலகத்தில் வேறு தெரு இல்லை என்பார்கள்.

1980களின் நடுவில் அங்கே ஒரு சிக்கல். தொழில் கற்றுக்கொள்ள இளவட்டங்கள் யாரும் வரவில்லை. கிழவர்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. இதை டிவியில் ஒரு நிகழ்ச்சியில் சொன்னார்கள். கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற தொழிலாளர் பகுதியில் ஜாய்ஸ் மெக்வீன் என்ற அம்மா அதைப் பார்த்தார். அவர் கணவர் டாக்ஸி டிரைவர். ஆறு பிள்ளைகள். கடைசிப் பையன் லீ, பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான். கையில் இருந்தது ஓவியப் பாடத்தில் மட்டும் ஒரு பாஸ். மற்றபடி சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. ஆனால் மூன்று வயதிலிருந்தே கவுன் படம் போட்டுக்கொண்டிருந்த பையன். போய்க் கேட்டுத்தான் பார் என்று அம்மா அனுப்பி வைத்தார்.

பையன் போய்க் கதவைத் தட்டிய இடம் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட். 1906ல் தொடங்கிய கடை. பிரெட் அஸ்டேர், கேரி கூப்பர் எல்லாம் அதன் வாடிக்கையாளர்கள். அப்போது இளவரசராக இருந்த சார்லஸும்தான். முன்பின் அறிமுகம் இல்லாமல் வந்து நின்ற பையனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் ஊர் டெய்லர் கடையில் காஜா எடுக்கும் பையனாகச் சேருவார்களே, கிட்டத்தட்ட அதுதான். மேஜைமேல் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பக்கத்தில் கான் ஓ'கேலகன் என்ற ஐரிஷ்கார மாஸ்டர். கத்தரியை யாரும் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஊசி பிடிக்கப் பழக வேண்டும். அப்புறம் சின்னச் சின்னத் தையல்கள், வாரக் கணக்கில்.

ஒரு நல்ல கோட்டின் ரகசியம் வெளியே தெரியும் துணியில் கிடையாது. அதற்கும் உள்ளே இருக்கும் லைனிங்குக்கும் நடுவில் கேன்வாஸ் ஒன்று உண்டு. ஆட்டு ரோமமும் குதிரை முடியும் சேர்ந்து நெய்தது. நெஞ்சுப் பக்கம் மடிந்து விழுகிறதே ஒரு மடிப்பு, அது அயர்ன் பண்ணியதால் அப்படி விழுவதில்லை. துணியைக் கையில் வளைத்துப் பிடித்தபடியே, ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டித் தையல்கள் போட்டு அந்தக் கேன்வாஸோடு சேர்த்துவிடுகிறார்கள். வெளியே ஒரு தையல்கூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் பிரி, மறுபடி தை. ஒரு கோட்டுக்குக் குறைந்தது ஐம்பது மணி நேரம் கைவேலை.

லீ இதில்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் ஊறிக் கிடந்தான். இதே சமயத்தில்தான் அந்தப் பிரபலமான விஷமக் கதையும் வருகிறது. சார்லஸுக்குத் தைத்த கோட்டில் லைனிங்குக்கு உள்ளே ஒரு கெட்ட வார்த்தை எழுதி வைத்தேன் என்று பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னான். பதறிப்போன கடைக்காரர்கள் கோட்டுகளைத் திரும்ப வாங்கிப் பிரித்துப் பார்த்ததாகவும், ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறார்கள். எழுதினானோ இல்லையோ, சொன்னது அவன் குணத்துக்குப் பொருத்தம்.

அடுத்து, அதே தெருவில் கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ். ராணுவ, கடற்படை உடுப்புகளுக்குப் பேர் போன கடை. அங்கிருந்து நாடகங்களுக்கு உடை தைக்கும் பெர்மன்ஸ் அண்ட் நேதன்ஸ் கம்பெனி. பழைய நூற்றாண்டு உடைகளை எப்படி வெட்டினார்கள் என்பது அங்கே பிடிபட்டது. பிறகு லண்டனில் ஒரு ஜப்பானிய டிசைனர். பிறகு இத்தாலிக்குக் கிளம்பி மிலனில் ரோமியோ ஜிலி. அந்த நாளில் பத்திரிகைகள் தூக்கிவைத்துக் கொண்டாடிய டிசைனர் ஜிலி. ஒரு மனிதரைச் சுற்றி எப்படி இவ்வளவு பரபரப்பு உண்டாகிறது? தையலைவிட இந்தப் பாடத்தைத்தான் அங்கே கவனமாகப் படித்தான் என்று தோன்றுகிறது. பின்னால் அவனே அந்த மாதிரிப் பேசியிருக்கிறான்.

1990. லண்டன் திரும்பியவன் வேலை தேடி சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்குப் போனான்.

ஃபேஷன் படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. 1854ல் தொடங்கிய செயின்ட் மார்ட்டின்ஸும், 1896ல் தொடங்கிய சென்ட்ரல் ஸ்கூலும் 1989ல் ஒன்றாகச் சேர்ந்தன. ஃபேஷன் வகுப்புகள் நடந்தது சேரிங் கிராஸ் ரோட்டில் இருந்த பழைய கட்டடத்தில். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1975ல் முதல் கச்சேரி செய்ததும் அதே கட்டடத்தில்தான். இங்கே படித்த ஜான் கலியானோ 1984ல் பட்டம் வாங்குவதற்காகத் தைத்த உடைகளை, லண்டனின் பெரிய துணிக்கடையான பிரவுன்ஸ் அப்படியே வாங்கி ஜன்னலில் மாட்டியது. அன்றிலிருந்து அங்கே படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே கனவு.

லீ மாணவனாகப் போகவில்லை. வாத்தியார் வேலை கேட்டுப் போனான்! பேட்டர்ன் வெட்டச் சொல்லித்தருகிறேன் என்றான். வயது இருபத்தொன்று. ஃபேஷன் எம்.ஏ. படிப்பை உருவாக்கி நடத்திவந்த பாபி ஹில்சன் என்ற அம்மையார் பார்த்தார். வாட்டசாட்டம் இல்லை, பேச்சில் நளினம் இல்லை, கையில் டிகிரி இல்லை. ஆனால் கொண்டுவந்த துணிகளும் படங்களும் வேறு கதை சொல்லின. வேலை தர முடியாது, வேண்டுமானால் படிக்க இடம் தருகிறேன் என்றார்.

எம்.ஏ.வுக்கு! பி.ஏ. இல்லாதவனுக்கு! எந்தக் கமிட்டி வைத்தாலும் அந்த மனு குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும். ஒரு ஆசிரியர் தன் கண்ணை நம்பி எடுத்த முடிவு அது. ஃபேஷன் சரித்திரத்தில் பெரிய பெரிய ஷோக்களை எல்லாம் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த அறையில் நடந்த சில நிமிஷப் பேச்சுதான் முக்கியம்.

இடம் கிடைத்தது. ஃபீஸ்? ரெனே ஆன்ட்டி என்ற உறவுக்காரப் பெண்மணி 4,000 பவுண்டு கொடுத்தார். அப்பாவின் டாக்ஸி வருமானத்தில் அது நடக்கிற காரியமில்லை.

கூடப் படித்தவர்களுக்கும் லீக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர்கள் நான்கு வருஷம் படம் போட்டு, யோசித்து, விவாதித்துவிட்டு வந்தவர்கள். துணியை இனிமேல்தான் வசப்படுத்த வேண்டும். லீக்குத் துணி வசப்பட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கோட்டு வெட்டுவான். எதற்காக வெட்டுகிறோம் என்பதுதான் அவன் கற்க வேண்டியிருந்தது. கல்லூரியில் அதைத்தான் விடாமல் கேட்பார்கள். எங்கேயிருந்து எடுத்தாய்? ஏன் இந்த நிறம்? யாருக்காக இது? நூலகத்துக்குப் போ, மியூசியத்துக்குப் போ, நோட்டில் ஒட்டு, எழுது. சாவில் ரோவில் வாடிக்கையாளர் என்ன கேட்கிறாரோ அதைத் தைப்பார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் அவனிடம் கேட்டதில்லை.

லீக்கு என்ன வேண்டும்? ஜாக் தி ரிப்பர்!

1888ல் கிழக்கு லண்டனில் ஏழைப் பெண்களை வரிசையாகக் கொன்று, கடைசிவரை பிடிபடாமல் போன கொலைகாரன். லீயின் அம்மாவுக்குக் குடும்ப வம்சாவளி ஆராய்வதில் பைத்தியம். வீட்டில் பழைய கிழக்கு லண்டன் கதைகள் புழங்கிக்கொண்டே இருக்கும். பையன் தன் இறுதிப் பரீட்சைக்கு அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். 1992ல் நடந்த மாணவர் ஷோவில் அவன் தொகுப்பின் தலைப்பு, 'ஜாக் தி ரிப்பர் தன் இரைகளைப் பின்தொடர்கிறான்'.

அதில் ஒரு கோட்டு. இளஞ்சிவப்பு சாட்டின் பட்டு. அதன்மேல் முட்கள் அச்சடித்திருக்கும். அச்சுவேலை, கூடப் படித்த சைமன் அங்லெஸ் செய்தது. வெட்டு, தையல் எல்லாம் அசல் சாவில் ரோ. கோட்டைத் திறந்து காட்டினால் வெள்ளைப் பட்டு லைனிங். அந்த லைனிங்கில், மனிதத் தலைமுடி! விக்டோரியா ராணி காலத்தில் விலைமாதர்கள் தங்கள் கூந்தலை வெட்டி விற்பார்கள், காதலிக்குப் பரிசு கொடுக்க ஆட்கள் அதை வாங்குவார்கள் என்று படித்திருந்தான். இளவரசர் கோட்டில் எழுதினானோ என்னவோ, தன் கோட்டின் உள்பக்கத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான்.

உட்கார நாற்காலி கிடைக்காமல் அந்த ஷோவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இசபெல்லா ப்ளோ என்ற பெண்மணியும் ஒருவர். பிரபு குலம். பத்திரிகையில் ஃபேஷன் பிரிவு வேலை. தலையில் விதவிதமான தொப்பி. மறுநாளிலிருந்து லீ வீட்டு போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு பைத்தியக்காரப் பெண் உன்னைத் தேடுகிறாள் என்றார்களாம் வீட்டில். ஒரு உடை வேண்டும் என்று ஆரம்பித்து, மொத்தத் தொகுப்பையும் 5,000 பவுண்டுக்குப் பேசி முடித்தார். பிரபு குலம்தான், ஆனால் கையில் காசு இல்லை. வாரம் 100 பவுண்டு தவணை. மாதம் ஒரு உடையைக் குப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு லீ வருவான். இருவருமாக ஏ.டி.எம்.முக்குப் போவார்கள். இசபெல்லாவே சொன்ன கதை இது.

காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. வரவு 5,000, அதுவும் ஐம்பது வாரத்தில். ஃபீஸ் 4,000. மிச்சம் ஆயிரம். துணி, நூல், பஸ் செலவு, சாப்பாடு எதையும் இன்னும் கழிக்கவில்லை. ஃபேஷன் உலகத்தில் மிகப் புகழ்பெற்ற மாணவர் தொகுப்பின் லாப நஷ்டக் கணக்கு இவ்வளவுதான்.

படிப்பு முடிந்ததும் என்ன ஆனது? வேலையில்லாதோருக்கான அரசு உதவித்தொகை வாங்கினான். அதில் துணி வாங்கினான். லீ என்ற முதல் பெயரை விட்டுவிட்டு நடுப்பெயரான அலெக்ஸாண்டரைப் போட்டுக்கொண்டதே, உதவித்தொகை ஆபீஸில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இசபெல்லா யோசனை என்றும் சொல்வார்கள். 1993ல் முதல் சொந்தத் தொகுப்பு, பெயர் 'டாக்ஸி டிரைவர்'. ரிட்ஸ் ஹோட்டல் அறையில் கம்பியில் மாட்டிக் காட்டினான். முதுகெலும்பு முடிகிற இடம் வரைக்கும் இறங்கிய அந்த 'பம்ஸ்டர்' கால்சட்டை அப்போதுதான் தலைகாட்டியது. முடித்துவிட்டு நண்பர்களோடு கிளப்புக்குப் போனவர்கள், பைகளை உள்ளே வைக்கக் காசு கொடுக்க வேண்டும் என்று வெளியே குப்பையோடு குப்பையாக ஒளித்துவைத்தார்கள். காலையில் வந்து பார்த்தால் காணோம். அந்த முதல் தொகுப்பு கிடைக்கவே இல்லை.

இதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1996ல், இருபத்தேழு வயதில், பாரிஸின் ஷிவான்ஷி நிறுவனம் அவரைத் தலைமை டிசைனராக அழைத்தது. 1997 ஜனவரியில் முதல் ஷோ, வெள்ளையும் தங்கமுமாக. அடி வாங்கியது. அது குப்பை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே கைவேலை செய்துவந்த பெண்களிடம் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். நான் டெய்லர், எனக்கு மென்மையும் லேசும் புரியாது, அதை ஷிவான்ஷியில்தான் கற்றேன் என்ற அர்த்தத்தில் பிற்காலத்தில் சொன்னார். பாரிஸ் சம்பளம், லண்டனில் அவருடைய சொந்த ஷோக்களுக்குச் செலவானது. 2000 டிசம்பரில் குச்சி குழுமம் அவர் கம்பெனியில் 51 சதவீதத்தை வாங்கியது. அதன் பிறகுதான் கையில் நிஜமான காசு.

இதற்கிடையில், 1996ல், அதே கல்லூரியிலிருந்து சாரா பர்ட்டன் என்ற மாணவி அவரிடம் தொழில் பழக வந்தார். படிப்பை முடித்து 1997ல் வேலைக்கே சேர்ந்துவிட்டார். 2011ல் இளவரசர் வில்லியம் கல்யாணத்துக்குக் கேட் மிடில்டன் போட்டுக்கொண்ட உடை சாரா வடிவமைத்தது. அப்போது மெக்வீன் இல்லை. 2007ல் இசபெல்லா இறந்தார். 2010 பிப்ரவரி 2ம் தேதி அம்மா ஜாய்ஸ் இறந்தார். ஒன்பது நாள் கழித்து, நாற்பது வயதில், மெக்வீன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அவர் உடைகளைக் கண்காட்சி வைத்தார்கள். 6,61,509 பேர் வந்தார்கள். முள் அச்சடித்த அந்த மாணவக் கோட்டும் அங்கே இருந்தது.

இங்கிலாந்தில் அதற்குள் வேறொன்று மாறியிருந்தது. மெக்வீன் காலத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் டிகிரிக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. 1998ல் வருஷத்துக்கு 1,000 பவுண்டு என்று ஆரம்பித்தார்கள். 2006ல் 3,000. 2012ல் 9,000 வரை. எம்.ஏ. செலவு இதற்கு மேல். கிழக்கு லண்டனில் இன்னொரு டாக்ஸி டிரைவர் வீட்டில் இன்னொரு கடைசிப் பையன் கவுன் படம் போட்டுக்கொண்டிருந்தால், இப்போது எத்தனை ரெனே ஆன்ட்டிகள் வேண்டும்?

இது மெக்வீனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2006லேயே 'சரபாண்ட்' என்று ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். உயிலில் சொத்தின் பெரும்பகுதி அதற்குத்தான். செல்ல நாய்களுக்கு 50,000 பவுண்டு ஒதுக்கியது தனி. அந்த அறக்கட்டளை லண்டனில் இளம் கலைஞர்களுக்குக் குறைந்த வாடகையில் வேலை செய்ய இடம் கொடுக்கிறது. மாணவர்களுக்கு ஃபீஸ் கட்ட உதவித்தொகையும் தருகிறது. அதை வாங்கிக்கொண்டு செயின்ட் மார்ட்டின்ஸில் எம்.ஏ. படித்தவர்கள் இருக்கிறார்கள்.