மிஷன் ஆஸ்பத்திரி லெட்ஜரும் என் இடுப்புச் சுற்றளவும்

மைசூருக்கு மாற்றலாகி வந்த வருஷம் ஆபீஸில் எல்லோருக்கும் மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ, வெறும் வயிற்றில் சர்க்கரை 114. "பார்டர்ல இருக்கீங்க சார்" என்றார் டாக்டரம்மா. பக்கத்து சீட் நண்பர் மட்டும், "உமக்கென்ன ஓய், சட்டையை வெளியே விட்டா தொப்பையே தெரியாது" என்று ஆறுதல் சொன்னார்.

எனக்கு ஆறுதலாக இல்லை. காரணம் என் அப்பா. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பார். ஆள் ஒல்லி. வயிறு மட்டும் லேசாக முன்னால் தள்ளியிருக்கும். 44 வயதில் சர்க்கரை வந்தது, 58-இல் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்ன வார்த்தை, "இந்த ஒடம்புக்கா இந்த வியாதி?"

அந்தக் கேள்வி பதினைந்து வருஷத்துக்கும் மேலாக என்னோடு இருந்தது. கடைசியில் பதில் கிடைத்த இடம்தான் வேடிக்கை. மைசூர் மண்டி மொஹல்லாவில் நான் அடிக்கடி ஸ்கூட்டரில் கடந்துபோகும் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த பழைய பேறுகாலப் பதிவேடுகள்.

நான் பி.காம். படித்தவன். உயிரியல் எல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் லெட்ஜர் என்றால் நமக்குப் புரியும் இல்லையா? அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1906-இல் வெஸ்லியன் மிஷன்காரர்கள் திறந்தது ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை. ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அது 'மிஷன் ஆஸ்பத்திரி'தான். 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் எழுதி வைத்திருந்தார்கள். எந்த ஆராய்ச்சிக்கும் அல்ல. அளக்க வேண்டும், எழுத வேண்டும் என்பது பிரசவ வார்டின் ஒழுங்கு, அவ்வளவுதான். பவுண்டிலும் அவுன்சிலும் எழுதிய அந்தக் கணக்கை அறுபது வருஷம் கழித்து யாராவது தேடி வருவார்கள் என்று எழுதினவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

தேடி வந்தார்கள். அதற்குக் காரணம் இங்கிலாந்தில் கிடைத்த இன்னொரு லெட்ஜர். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல், எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையாரின் ஏற்பாட்டில், குழந்தைகள் பிறந்தபோதும் ஒரு வயதிலும் என்ன எடை இருந்தார்கள் என்று செவிலியர்கள் பதிந்து வந்தார்கள். சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கர் அந்தப் பதிவேடுகளை எடுத்து, அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி எப்படி இறந்தார்கள் என்று ஒப்பிட்டார். 1989-இல் முடிவு வெளிவந்தது. எடை குறைந்து பிறந்து, ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்த ஆண்கள்தான் இதயநோயால் அதிகம் இறந்திருந்தார்கள். கொழுத்தவனுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று நம்பிக்கொண்டிருந்த உலகத்துக்கு இது புது விஷயம்.

வெள்ளைக்காரர்களுக்குச் சரி, நம்மவர்களுக்கும் அப்படித்தானா? அதைப் பார்க்க இந்தியாவில் பழைய எடைக் கணக்கு வேண்டும். அது மைசூரில் இருந்தது. 1934-க்கும் 1954-க்கும் இடையில் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்து, இன்னும் அக்கம்பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்த 517 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். கிளாடியா ஸ்டெய்ன், கரோலின் ஃபால், குமரன் முதலியோர் செய்த அந்த ஆய்வு 1996-இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழேயும் பிறந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு இதயநோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான்.

இதைப் படித்த அன்று ராத்திரி ஊருக்கு போன் போட்டேன். அப்பா பிறந்தது 1947. அவரும் இந்த லெட்ஜர் தலைமுறைதான். ஆனால் பிறந்தது கிராமத்து வீட்டில். யார் நிறுத்துப் பார்த்தார்கள்? அப்பாவுக்கு ஒன்பது வயது மூத்தவரான அத்தைதான் ஞாபகம் வைத்துச் சொன்னார்: "ஒங்கப்பன் பொறக்கையில அணில்குஞ்சு கணக்கா இருந்தாம்ல. எட்டாம் மாசத்துப் பிள்ளையான்னு எல்லாரும் கேட்டாக. பொழைக்க வச்சதே பெரும்பாடு."

ஒரு வீட்டுக் கதை ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனாலும் துக்க வீட்டுக் கேள்விக்கு முதல் தடவையாக ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

கதை இதோடு முடியவில்லை. அதே லெட்ஜரை வைத்து 1998-இல் சர்க்கரை நோயைப் பற்றியும் ஆய்வு வந்தது. அதில் முடிவு கொஞ்சம் வேறு மாதிரி. நீளம் குறைந்து, அதற்குப் பொருத்தமில்லாமல் பருமனாகப் பிறந்தவர்களுக்குச் சர்க்கரை அதிகம் வந்திருந்தது. அவர்களுடைய அம்மாக்கள் எடை கூடியவர்களாக இருந்தார்கள். ஆக, ஒட்டிப் பிறந்தாலும் ஆபத்து, அம்மா அதிக எடையோடு இருந்தாலும் ஆபத்து. பழைய பதிவேட்டை மட்டும் நம்பாமல், 1997-98-இல் அதே ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணிகளைக் கொண்டு புதிதாகவே ஒரு கணக்கைத் தொடங்கினார்கள். அதற்கு 'மைசூர் பார்த்தினான் ஆய்வு' என்று பெயர். டாக்டர் கிருஷ்ணவேணியும் குழுவினரும் அந்தக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து அளந்து வந்தார்கள். அன்றைய குழந்தைகள் இன்றைக்கு இருபதுகளின் பின்பாதியில் இருக்கிறார்கள்.

2005-இல் அவர்கள் வெளியிட்டதுதான் என்னை உட்கார வைத்தது. மைசூர்க் குழந்தைகள் பிரிட்டிஷ் குழந்தைகளைவிட எடையிலும் நீளத்திலும் நன்றாகவே குறைவு. ஆனால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி அளக்கிறார்களே, அந்தக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. நாலு வயதில் அது பிரிட்டிஷ் அளவைத் தாண்டியே போய்விட்டது. பிள்ளைகளோ அப்போதும் குட்டை, எடையும் குறைவு!

புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இதையேதான் சொல்லி வந்தார். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. 2004-இல் அவரும் லண்டன் டாக்டர் ஜான் யட்கினும் சேர்ந்து லான்செட்டில் ஒரு படம் போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைமெஷின் இரண்டு பேருக்கும் ஒரே சர்டிபிகேட்தான் கொடுக்கும் :-)

ஏன் இப்படி? அம்மாவின் வயிற்றில் சாப்பாடு போதாதபோது சிசு பட்ஜெட் போடுகிறது என்கிறார்கள். மூளைக்கு முதல் ஒதுக்கீடு. தசை, கணையம் இவற்றில் வெட்டு. கொழுப்பு மட்டும் ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. நாம் சாப்பிடும் சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வது தசைதான். அது ஆரம்பத்திலேயே குறைவு. அதன் மேல் உட்கார்ந்த வேலை, மூன்று வேளை சோறு இட்லி தோசை. அப்பாவின் கதை முழுக்க இதில் அடங்கிவிடுகிறது.

சரி, இதற்கும் எடை குறைப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. செக்கப் முடிந்த சூட்டில் நான் ஒரு டயட் சென்டரில் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். சூப், வெள்ளரிக்காய், பப்பாளி. ஒரே மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. ஆபீஸில் ஒரே பாராட்டு. நாலு மாதத்தில் ஆறு கிலோ திரும்பி வந்தது. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால், உடற்பயிற்சியும் இல்லையென்றால், கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். திரும்பி வருவதில் பெரும்பங்கு கொழுப்புதான். தசை ஏற்கெனவே குறைவான நமக்கு இது வட்டியைக் கட்ட முதலை எடுத்துச் செலவழிக்கிற மாதிரி. எந்த பேங்க் ஆபீசராவது அதற்கு ஒத்துக்கொள்வானா? நான் ஒத்துக்கொண்டிருந்தேன்.

வழி காட்டியது சென்னை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-இல் வந்தது. பார்டரில் இருந்த 531 பேர். சராசரி வயது 46. பெரும்பாலும் அலுவலகங்களில் வேலை பார்க்கிற, நம்மைப் போன்ற ஆட்கள். ஒரு பிரிவுக்குச் சொன்னது ரொம்பச் சாதாரணமான புத்திமதி: தினம் அரை மணி வேக நடை, சர்க்கரையை விடு, மாவுப் பண்டத்தையும் எண்ணெயையும் குறை, நார்ச்சத்தைக் கூட்டு. ஏற்கெனவே நடந்தோ சைக்கிளிலோ போய் வருபவர்களிடம் அதையே விடாமல் செய்யச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில், புத்திமதி ஏதும் இல்லாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 சதவீதம். கவனிக்க வேண்டிய விஷயம், மாற்றிய பிரிவில் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. மெஷின் முள் அசையாதபோதே உள்ளே பலன் சேர ஆரம்பித்திருக்கிறது.

முள் அசைந்தால் பலன் இன்னும் கூடும் என்பதற்கு 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வு சாட்சி. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. சர்க்கரை வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 78 கிலோவுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ. சினிமா ஹீரோ மாதிரி ஆக வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை மாதம் அரை ஸ்பூனாகக் குறைத்து, ஐந்தாவது மாதம் நிறுத்தினேன். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்வதற்குப் பதில் கூட்டும் சுண்டலும். வாரத்தில் மூன்று ராத்திரி, பக்கத்து வீட்டு அம்மா என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்த ராகி முத்தே, அதாவது நம்ம ஊர்க் களி. தொட்டுக்கொள்ளக் கீரை சாறு.

ராகி என்றதும் ஒரு வார்த்தை. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் மண்டியா வி.சி. பண்ணை. நம் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 'இண்டாஃப்' ரகங்களை உருவாக்கியவர் லட்சுமணய்யா. 'ராகி லட்சுமணய்யா' என்றே அவரைச் சொல்கிறார்கள். ஏழையின் வயிற்றை நிரப்பப் பாடுபட்டவர். 1950-இல் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவு ஆராய்ச்சி நிலையமும் பசிக்கு மருந்து தேடத்தான் வந்தது. அதே ஊரில் இன்றைக்கு நாங்கள் வயிற்றைக் குறைக்க ராகி தின்கிறோம்! ஆனால் ஏமாந்துவிடாதீர்கள், 100 கிராம் ராகியும் 100 கிராம் அரிசியும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். நார்ச்சத்தும் கால்சியமும் கூட, சீக்கிரம் வயிறு நிறைந்த உணர்வு வரும். மூன்று உருண்டை சாப்பிட்டால் ராகியும் கைவிடும்.

நடைக்குக் குக்கரஹள்ளி ஏரி. 1864-இல், மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உருவானது. கவிஞர் குவெம்பு நடந்த கரை. முதல் மாதம் பாதி தூரம் போய்த் திரும்பினேன். இப்போது ஒரு முழுச் சுற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமுண்டி மலைப் படிகள். 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் போட்ட ஆயிரம் படி. முதல் தடவை நந்தி வரைக்கும் போவதற்குள் ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். தசைக்குப் படியைப் போல வாத்தியார் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான்: 16 மாதத்தில் 7 கிலோ. நடுவில் மூன்று மாதம் ஒரு கிராம்கூட அசையவில்லை. தங்கை மகள் கல்யாணத்தில் ஒன்றரைக் கிலோ ஏறி, இறங்க ஆறு வாரம் ஆனது. இடுப்பு 97 செ.மீ.யிலிருந்து 89. வெறும் வயிற்றுச் சர்க்கரை 97. மைசூர்ப் பாக்கை விடவில்லை. மாதம் ஒரு துண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் ஊர் கிளினிக் சுவரில் 25 வரை 'நார்மல்' என்று அட்டவணை தொங்கும். 2004-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23-ஐ எச்சரிக்கைக் கோடாகச் சொல்லிவிட்டது. 2009-இல் இந்திய நிபுணர்களும் அதையே சொல்லி, இடுப்புக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்று கோடு போட்டார்கள். அமெரிக்க நீரிழிவு சங்கமும் 2015 முதல் ஆசிய வம்சாவளியினருக்கு 23-லேயே சர்க்கரை பரிசோதனை செய்யச் சொல்கிறது. டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

போன மாதம் என் மகள் எடைமெஷினில் ஏறி, "நான் ஒல்லிதானேப்பா, எனக்கு எதுக்கு நடை?" என்றாள். அவள் பிறந்த எடை 2.6 கிலோ. டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். "உன் தாத்தாவும் ஒல்லிதாம்மா" என்றேன். இப்போது ஏரிக்கு இரண்டு பேராகப் போகிறோம்.

அடுத்த தடவை ஊருக்கு போன் பேசும்போது, நீங்கள் பிறந்தபோது எவ்வளவு இருந்தீர்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.