மட்டியில் ஏறிய நஞ்சு

கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு முதல் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை, காவிரிக் கழிமுகங்களின் சேற்றில் மட்டி கிடைக்கும். நீர் வற்றும் நேரத்தில் கையால் துழாவி எடுப்பார்கள். இதே வகை மட்டிதான் 1981இல் வடக்கே, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் உயிர்களைப் பறித்தது. அதைத் தின்ற 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மூவர் இறந்தார்கள். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்ற ஏழு பேர் மாண்டார்கள்.

மட்டிக்கு இயல்பில் நஞ்சு கிடையாது. தண்ணீரை வடிகட்டி அதிலுள்ள நுண்பாசிகளைத் தின்று வாழ்வது அது. அவற்றில் சிலவற்றின் நஞ்சு மட்டியின் சதையில் சேர்ந்துவிடுகிறது. இவ்வகை நஞ்சில் தலையானது சாக்சிடாக்சின். நரம்பில் சோடியம் செல்லும் வழியை அது அடைத்துவிடும். முதலில் உதடும் நாக்கும் மதமதக்கும், பிறகு கைகால் மரக்கும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும்.

கடலில் இந்த நஞ்சை உண்டாக்குபவை பெரும்பாலும் சுழல்கசையுயிரிகள் எனும் நுண்பாசிகள். நன்னீரில் நீலப்பச்சைப்பாசிகள் சிலவும் இதையே சுரக்கின்றன. 1991இல் ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் சுமார் 1,000 கிலோமீட்டருக்குப் படர்ந்த அனபீனா என்னும் பாசி அப்படிப்பட்டது. அனபீனா இனத்தின் வேறு வகைகளோ நெல்வயலில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தருபவை. அசோலா என்னும் நீர்ப்பெரணியோடு சேர்ந்து தஞ்சை உழவருக்கு அறிமுகமானவை. ஒரே குலத்தில் உரமும் உண்டு, நஞ்சும் உண்டு.

வேகவைத்தாலும் இந்த நஞ்சு அழியாது, முறிமருந்தும் இல்லை. ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராம் என்பதே பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை. மட்டி தின்றபின் உதடு மரத்துப்போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செயற்கைச் சுவாசம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம்.