டான்ஷென்: சிவப்பு வேரின் வரலாறு

சீன மருந்துக்கடைகளில் செந்நிற வேர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், நண்பர்களே. அதுவே டான்ஷென், 'டான்' என்றால் சிவப்பு. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஷென்னோங் மருந்து நூலிலேயே அது இடம்பெற்றுள்ளது. 1934இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நக்காவோவும் புக்குஷிமாவும் அதன் செந்நிறப் பொருள்களான டான்ஷினோன்களைப் பிரித்தெடுத்தனர். என்னை வியக்க வைப்பது இதுதான்: அவை நீரில் எளிதில் கரைவதில்லை! கஷாயத்தில் மிகுதியாக இறங்குபவை சால்வியனோலிக் அமிலங்களே; அவற்றின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பாற்றல் பிற்காலத்தில்தான் தெரியவந்தது. இவ்விருவகைப் பொருள்களும் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளின் இரத்தக்குழாய்களைத் தளர்த்தின. ஆய்வுக்கூடம் வேறு, மனித உடல் வேறு.

வீட்டுப் பெரியவர்களுக்காக இவ்வேரை வாங்கும் பெற்றோருக்காகவே இதனை எழுதுகிறேன். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் டான்ஷெனையும் சேர்த்து உண்டால், அம்மருந்தின் வீரியம் அளவுமீறக்கூடும். 1990களில் ஹாங்காங் மருத்துவர்கள் அத்தகைய நோயாளிகளைப் பற்றி ஆய்விதழ்களில் எழுதினர். சிலருக்கு உடலுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருந்தது.