நான்காவது சூளை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம்மிடம் ஃபிட்டர் படித்த ஒருவர் போன் செய்தார். இப்போது ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருக்கிறார். "சார், பசங்க பாதிப் பேர் வர்றதே இல்ல. வர்றவங்களும் போனைத்தான் பார்க்கிறாங்க. வேற இடம் கிடைக்காமதான் இங்க வந்தோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. வேலையை விட்டுடலாமான்னு இருக்கு" என்றார். உங்களில் பலரும் இன்று யாருக்கோ தொழில் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அதற்கு 140 வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம், டஸ்கீகி என்ற சிற்றூர். 1881 ஜூலை 4 அன்று அங்கே கருப்பின மக்களுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. தலைமை ஆசிரியர் புக்கர் டி. வாஷிங்டன். 1856-ல் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு சிறுவனாக உப்பு உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தவர். ஹாம்ப்டன் என்ற ஊரில் இருந்த பள்ளியில், அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு படித்து முன்னேறியவர்.

மாநில அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் கொடுத்தது. அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலம் இல்லை, கட்டடம் இல்லை. 30 மாணவர்களோடு ஒரு பழைய கொட்டகையில் வகுப்பு ஆரம்பமானது. பிறகு 100 ஏக்கர் பழைய தோட்டம் ஒன்றை 500 டாலருக்குப் பேசி, கடன் வாங்கி முன்பணம் கட்டினார்கள்.

அங்கும் நம் பிரச்சினைதான். நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்க வேண்டும் என்றபோது மாணவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர்கள். மண்வெட்டி பிடிப்பது அடிமைக் காலத்து வேலை, படிப்பு என்பது அதிலிருந்து தப்பிக்கத்தானே என்பது அவர்கள் எண்ணம். பெற்றோர்களும் பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். நம் ஊரில் "கை அழுக்காகாத வேலை" என்று சொல்கிறோமே, அதே ஏக்கம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்கள் அவர்கள்.

வாஷிங்டன் பிரசங்கம் செய்யவில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் கோடாரியை எடுத்துக்கொண்டு அவரே காட்டுக்குள் போனார். வாத்தியாருக்கே வெட்கம் இல்லை என்று கண்ட பிறகு மாணவர்களும் பின்னால் வந்தார்கள். 20 ஏக்கரைத் திருத்திப் பயிர் வைத்தார்கள்.

அடுத்தது செங்கல். கட்டடம் கட்டக் கல் வேண்டும். ஊரில் சூளையே கிடையாது. முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் வெட்ட வேண்டும். அது பிடிக்காமல் சிலர் பள்ளியை விட்டே போனார்கள். முதல் சூளையில் சுமார் 25,000 கல் வைத்தார்கள், சரியாக வேகவில்லை. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்து முடியும் நேரத்தில் சரிந்து விழுந்தது. கையில் ஒரு டாலர் இல்லை. விட்டுவிடலாம் என்று சக ஆசிரியர்களே சொன்னார்கள். வாஷிங்டன் மாண்ட்கோமரி நகருக்குப் போய்த் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளை வெந்தது. அந்தக் கடிகாரத்தை அவரால் மீட்க முடியவே இல்லை.

அந்தக் கல்லை வாங்க அக்கம்பக்கத்து வெள்ளையர்களும் வந்தார்கள். இந்தப் பள்ளியை விரும்பாதவர்களும் அதில் உண்டு. தான் செய்த பொருளை வெளி ஆள் காசு கொடுத்து வாங்குகிறான் என்பதைவிட மாணவனுக்குப் பெரிய சான்றிதழ் ஏது? புதிதாகச் சேர்ந்த பையன் சுவரில் கத்தியால் கிறுக்கப் போனால், இது நாங்கள் கட்டியது என்று பழைய மாணவனே தடுப்பானாம்.

இன்னொன்று. வாஷிங்டன் ஹாம்ப்டனில் இரவு வகுப்பு எடுத்தபோது, பகலில் 10 மணி நேரம் உழைத்துவிட்டு இரவில் 2 மணி நேரம் படித்த மாணவர்களுக்குத் துணிச்சல்காரர்கள் வகுப்பு என்று பெயர் வைத்தார். தகுதி காட்டியவருக்கு அதற்கென ஒரு சான்றும் கொடுத்தார். இல்லாதவர்கள் என்று பெயர் வாங்கியிருக்க வேண்டியவர்கள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். 1884-ல் டஸ்கீகியிலும் இரவுப் பள்ளி தொடங்கினார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டு போய்ஸ் என்ற கருப்பின அறிஞர் 1903-ல் வாஷிங்டனைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். தொழிலை மட்டும் கற்றுக்கொடுத்து, வாக்குரிமையையும் உயர்கல்வியையும் பின்னுக்குத் தள்ளினால் ஒரு சமூகம் கீழேயே கிடக்கும் என்றார். அது நியாயமான கேள்வி. நம் ஊரிலும் ஐ.டி.ஐ. என்றால் ஏழைப் பிள்ளைக்கு, இன்ன சாதிப் பிள்ளைக்கு என்று ஒதுக்கும் கண் இன்னும் இருக்கிறது. தொழில் கல்வி ஏறும் படியாக இருக்க வேண்டும். அடைத்து வைக்கும் அறையாகிவிடக் கூடாது. மாணவனிடம் மேலே டிப்ளமோ இருக்கிறது, பொறியியல் இருக்கிறது என்று சொல்வதும் பயிற்றுநரின் வேலைதான்.

அதே 1903-ல் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி, தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வாஷிங்டனைப் பாராட்டி எழுதினார் என்பது கூடுதல் செய்தி.

பயிற்றுநர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு மூன்று விஷயம். முதலில் அரத்தை நீங்கள் கையில் எடுங்கள். நாற்காலியில் இருந்து சொல்லும் வேலையை யாரும் மதிப்பதில்லை. இரண்டாவது, அறுத்து ராவிக் கடைசியில் ஸ்கிராப்பில் எறியும் துண்டோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் உடைந்த பெஞ்சையோ, கதவுத் தாழ்ப்பாளையோ கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நாலு பேர் உபயோகிக்கும் பொருளுக்கு அளவு தானாகச் சரியாக வரும். மூன்றாவது, வேலை கெட்டுப்போனால் பையனைத் திட்டாமல் ஏன் கெட்டது என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள். நான்காவது சூளைக்கு முன்னால் மூன்று சூளை உண்டு.

சரி, இப்போது உங்கள் முறை. ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் செய்ததில், இன்றும் எங்கோ உபயோகத்தில் இருக்கும் பொருள் எது? கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். ஆசையாகக் காத்திருக்கிறேன்.