மண்வெட்டியும் அரிக்கன் லாம்பும்

இளைஞரின் உழைப்பே நாட்டின் செல்வம் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். அச்செல்வம் யாருக்குப் பயன்பட்டது, உழைத்தவனிடத்து எதனை விட்டுச் சென்றது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. மூன்று நாடுகளின் வரலாற்றை அருகருகே வைத்து நோக்கினால் இவ்வினாக்களின் முக்கியத்துவம் விளங்கும்.

1929ஆம் ஆண்டிலே தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, ஐக்கிய அமெரிக்காவின் இளைஞரை வேலையின்றி வீதியில் நிறுத்தியது. 1933 மார்ச்சில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ரூஸ்வெல்ற், அம்மாத முடிவுக்குள்ளேயே காடும் நிலமும் பேணும் இளைஞர் படையொன்றுக்கான சட்டத்திற் கையொப்பமிட்டார். 1942 வரையில் ஏறக்குறைய 30 இலட்சம் இளைஞர் அதிற் பணியாற்றினர். அவர்கள் நாட்டிய மரங்கள் 300 கோடி எனக் கணக்கிடப்படுகின்றது. மாதச் சம்பளமான 30 டொலரில் 25 டொலர் அவர்தம் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. பசித்த வீடுகளில் அடுப்பெரிந்தது. ஊர்க் கடைகளிலே பணம் புழங்கியது. முகாம்களில் நடந்த வகுப்புகளில் 40,000க்கு மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றனர். ஆயினும் கறுப்பின இளைஞர் தனி முகாம்களில் ஒதுக்கப்பட்டனர். பெண்களுக்கோ அப்படையில் இடமே இருக்கவில்லை.

அதே காலத்தில் ஜேர்மனியிலும் இளைஞர் மண்வெட்டி ஏந்தினர். 1935 ஜூனில் ஹிட்லரின் ஆட்சி இயற்றிய சட்டம், 18 முதல் 25 வயதுக்குட்பட்ட ஆடவருக்கு ஆறுமாத உழைப்பைக் கட்டாயமாக்கியது. சதுப்பு நிலங்களில் நீர் வடிக்கப்பட்டது, பாதைகள் அமைக்கப்பட்டன. ஆனால் நியூரம்பேர்க் பேரணிகளிலே அவ்விளைஞர் தம் மண்வெட்டிகளைத் துப்பாக்கிகளைப் போலத் தோளிற் சாத்தி அணிவகுத்தனர். உழைப்புச் சேவையை முடித்தவனை இராணுவ சேவை எதிர்நோக்கியிருந்தது. கேள்வி கேளாது கீழ்ப்படியும் பழக்கமே அங்கு பெறப்பட்ட பெரும் விளைச்சல். அதன் விலையை ஐரோப்பா முழுவதும் இரத்தத்தாற் செலுத்தியது.

கியூபாவில் 1961ஆம் ஆண்டு வேறொரு காட்சியைக் கண்டது. 1953இன் குடிசன மதிப்பின்படி அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர் எழுத்தறியாதோர். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பாடநூலும் அரிக்கன் லாம்பும் தொங்குபடுக்கையும் கொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பகலிற் கமக்காரரோடு வயலில் உழைத்தனர். இரவில் அவர்களுக்கு எழுத்தைப் புகட்டினர். அவ்வாண்டின் தொடக்கத்தில் இளம் ஆசிரியர் கொன்ராடோ பெனித்தெஸ் எதிர்ப்புரட்சியாளராற் கொல்லப்பட்டார். அவர் பெயரையே மாணவர் தம் அணிக்குச் சூட்டிக்கொண்டனர். ஆண்டிறுதிக்குள் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறிவு பெற்றனர் என அரசு அறிவித்தது. பாடநூலில் அரசின் அரசியற் பிரசாரமும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் நகரத்துப் பிள்ளைகள் உழவன் வீட்டில் உண்டு உறங்கி, அவன் வறுமையைக் கண்ணாற் கண்டனர். கற்பிக்கச் சென்றவர்களும் அங்கு கற்றனர்.

நம் நாட்டிலும் இதற்கொரு சிறிய உதாரணம் உண்டு. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன, மாணவரையும் சக ஆசிரியரையும் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சிங்கள சமூகம் தீண்டாது ஒதுக்கிய றொடி மக்கள் வாழ்ந்த கிராமம் அது. அங்கே அவர்களோடு தங்கி உழைத்ததே அச்சிரமதானத்தின் பெரும்பயன். சாதியின் சுவரைத் தொட்டறிந்த அந்த அனுபவத்தை எந்தப் பாடநூலும் அம்மாணவருக்கு அளித்திராது.

ஆகவே, நாட்டிய மரத்தையும் வெட்டிய வாய்க்காலையும் மட்டும் எண்ணி இளைஞர் பணியை மதிப்பிடலாகாது. உழைத்தவனுக்குக் கூலியோ கல்வியோ கிடைத்ததா, ஒதுக்கப்பட்டோர் உள்ளே வந்தனரா, வேலையின் நோக்கத்தைக் கேட்கும் உரிமை அவனுக்கு இருந்ததா என்பனவும் கணக்கில் இடம்பெறவேண்டும். சிரமதானம் என்ற பெயரில் மாணவரின் கையில் மண்வெட்டியைக் கொடுக்கும் ஆசிரியராகிய நாம், அவ்வுரிமையையும் உடன் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.