அரைக்கால் அங்குலம்



பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சிப்பாய்கள் மறுத்த வரலாற்றைச் சொல்லி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “ஐயா, தோட்டாவை எதற்காகக் கடிக்க வேண்டும்?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் வினாக் கேட்கும் முறையை எனக்கு நன்றாகக் கற்பித்திருந்தார்கள்; விடை தெரியாதபோது நிற்கும் முறையைக் கற்பிக்கவில்லை. மறுநாள் சொல்வதாகக் கூறி அவனை உட்கார வைத்தேன்.

மறுநாள் சொன்ன விடை இதுதான். அக்காலத் தோட்டா காகிதத்தால் ஆனது. ஒரு காகிதக் குழாய். அதற்குள் அளந்து இட்ட கருமருந்து. அதனுடன் ஓர் ஈயக் குண்டு. சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கிழித்து, மருந்தைத் துப்பாக்கியின் வாய் வழியே கொட்டி, குண்டை உள்ளே தள்ளி, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுடுவதற்கும் சுடுகிறவனே தன் கையால் மருந்திட வேண்டியிருந்தது.

பையன் நிறைவடைந்தான். ஆனால் அவ்வினா என்னை விடவில்லை. மருந்திடும் வேலை கையிலிருந்து தொழிற்சாலைக்கு எப்போது போயிற்று என்று தேடினேன். அது முழுவதும் போய்விடவில்லை என்று அறிந்தேன். அமெரிக்க நாட்டில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் தம் சுழல் துப்பாக்கிகளுக்கு வேண்டிய தோட்டாக்களை வீட்டு மேசையில் தாமே நிரப்பிக்கொள்கிறார்கள். அதை ஒரு பொழுதுபோக்காகவே கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலும் தோட்டா செய்தலும் குற்றம். நான் ஒருநாளும் துப்பாக்கியைக் கையில் தொட்டவன் அல்லன். ஆகவே இங்கே செய்முறை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நான் சொல்ல வந்தது ஒரு சிறிய நீளத்தின் வரலாறு.

சாமுவேல் கோல்ட் என்பவர் 1836ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். குழலுக்குப் பின்னால் ஓர் உருளை. அதில் வட்டமாகத் துளைத்த அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு முறை சுடுவதற்குரிய மருந்தும் குண்டும். அறையின் பின்புறத்தில், தீபாவளிக்கு நீங்கள் வெடிக்கும் பொட்டுக் கேப்பைப்போல் ஒரு செப்புத் தொப்பி. அதன்மேல் குதிரை விழுந்து அடித்தால் மருந்து பற்றிக்கொள்ளும். துப்பாக்கியை விற்கும்போதே மருந்துக் குடுவையையும் ஈயத்தை உருக்கி வார்க்கும் அச்சையும் ஒரே மரப்பெட்டியில் வைத்து விற்பதுண்டு. அக்காலத்தில் துப்பாக்கி வைத்திருப்பவன் எவனும் மருந்திடவும் அறிந்தவனே.

கோல்ட்டின் முதல் நிறுவனம் 1842இல் நொடித்துப்போயிற்று. மெக்சிகோப் போர் வந்து அவரை மீட்டது. வாக்கர் என்ற படைத்தலைவரின் யோசனைப்படி 1847இல் பெரிய சுழல் துப்பாக்கி ஒன்றைச் செய்தார். அரசு ஆயிரம் வாங்கியது. அதன் ஓர் அறை 60 கிரெயின் கருமருந்தை ஏற்றது. (7000 கிரெயின் ஒரு பவுண்டு.) அவற்றுள் பல உருளைகள் சுடும்போதே பிளந்துபோயின. அக்கால இரும்பு அத்தனை அழுத்தத்தைத் தாங்கவில்லை. போர்வீரரும் அளவு பாராமல் மருந்தைத் திணித்தார்கள். அடுத்து வந்த டிராகூன் என்னும் மாதிரியில் கோல்ட் உருளையின் நீளத்தைக் குறைத்தார். அறை சிறிதானபடியால் அது 50 கிரெயின் அளவே ஏற்றது. ‘மிகுதியாக இடாதே’ என்று ஆயிரம் வீரருக்கு ஆணையிடுவதைவிட, இட முடியாதபடி செய்வது எளிது என்று கண்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

பிறகு உலோகத் தோட்டா வந்தது. உருளையைப் பின்புறம் வரை முழுவதும் துளைக்கும் உரிமையை 1855இல் பெற்றவர் ரோலின் ஒயிட். ஸ்மித்தும் வெஸ்ஸனும் ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் தருவதாக அவரிடம் அவ்வுரிமையை வாங்கினார்கள். உரிமையை மீறுவோர்மேல் வழக்காடும் பொறுப்பை மட்டும் தந்திரமாக அவர் தலையிலேயே கட்டினார்கள். வந்த பணம் வழக்குகளிலேயே கரைந்தது. அவ்வுரிமை 1869இல் முடியும் வரை மற்ற அமெரிக்கர் அவ்வகைத் துப்பாக்கியைச் செய்ய வழியில்லை.

உலோகத் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளை உறை, அதன் அடியில் பற்றுமருந்துக் கிண்ணம், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மற்ற மூன்றும் பயனற்றுப்போகும், பித்தளை எஞ்சும். வெடிக்கும் நொடியில் அது விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிப் புகையை அடைக்கும். பிறகு சற்றே சுருங்கி வெளியே வரும். விலை மிகுந்த உறுப்பும் அதுவே. அதை எறிய யாருக்கு மனம் வரும்? 1884இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட்டில் ஒரு தொழிலகம் தொடங்கி, வெற்று உறையை மீண்டும் நிரப்பும் கைக்கருவிகளைச் செய்தார். அக்கருவி ஏறத்தாழ நம் பாக்குவெட்டியின் உருவில் இருக்கும். இரயில் நிலையத்துக்குப் பல நாள் பயணத் தொலைவில் வாழ்ந்தவர்களுக்கு அது பொழுதுபோக்கு அன்று, தேவை.

இங்கே ஒரு வேடிக்கை. மறுமுறை நிரப்புவதற்கு எளிதான கிண்ணத்தை அமைத்தவர் பாக்ஸர் என்னும் ஆங்கிலேயர். கடினமானதை அமைத்தவர் பெர்டன் என்னும் அமெரிக்கர். அமெரிக்கா ஆங்கிலேயருடையதை ஏற்றது. ஐரோப்பாவின் பல நாடுகள் அமெரிக்கருடையதை ஏற்றன. பொழுதுபோக்கு அமெரிக்காவில் தழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1884இல் பிரான்சில் வியேல் என்பவர் புகையற்ற மருந்தைக் கண்டார். அதுவரை ஒரு பாதுகாப்பு இருந்தது: கருமருந்து உறை நிறைய இருக்கும், அதற்கு மேல் இட இடமில்லை. வலிமை மிக்க புதிய மருந்தோ உறையின் ஒரு பகுதியையே பிடித்தது. கருமருந்துக்கென்று அளந்து செய்த பழைய நீண்ட உறைகளில் வெற்றிடம் மிஞ்சியது. இனி அளவைக் காப்பது உறையன்று, நிரப்புகிறவனின் கருத்து ஒன்றே.

அந்த வெற்றிடத்தில்தான் எல்மர் கீத் கை வைத்தார். 1899இல் பிறந்தவர், சிறுவயதில் தீவிபத்தில் சிக்கி முகமும் இடக்கையும் வெந்தவர், மேய்ச்சல் நிலத்தில் குதிரையும் மாடும் மேய்த்தவர். தம் 45 கோல்ட் துப்பாக்கிக்குத் தாமே வலிய தோட்டாக்களை நிரப்பினார். 1925இல் அவர் கையிலேயே உருளையின் மேற்பகுதி பிளந்து பறந்தது. உயிர் தப்பியது நல்லூழ் என்பேன். ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. ‘அமெரிக்கன் ரைபிள்மேன்’ இதழில் எழுதி வெளியிட்டார். அம்மனிதரின் வீறாப்புப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. எனினும், உடைந்த துப்பாக்கியை ஊரறியக் காட்டியதற்காக அவரை மதிக்கிறேன்.

பின்னர் அவர் 44 ஸ்பெஷல் என்னும் அளவுக்கு மாறினார். காரணம் எளிய வடிவகணிதம். இரண்டு துப்பாக்கிகளிலும் உருளையின் வெளிவிட்டம் ஒன்றே. அதில் ஆறு துளைகளைச் சற்றுச் சிறியனவாக இட்டால், துளைகளுக்கு இடையிலும் வெளிப்புறத்திலும் சுவர் தடிக்கும். தடித்த சுவர் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். தொழிற்சாலைத் தோட்டாவின் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 750 அடி சென்றது. கீத் நிரப்பியது 1200 அடி சென்றது. 1928இல் ஹரோல்டு கிராஃப்ட் என்ற அன்பர் பெட்டியில் பல துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, நாட்டின் கீழ்க்கோடியிலிருந்து ஆரிகனில் கீத்தின் பண்ணைக்கு வந்தார். இருவரும் பல நாள் சுட்டுப் பார்த்து, கைப்பிடியையும் குறிபார்க்கும் தகட்டையும் குதிரையையும் மாற்றி மாற்றி ஆராய்ந்தார்கள். அவ்வுழைப்பில் பிறந்தது ‘ஐந்தாம் எண்’ என்று கீத் பெயரிட்ட துப்பாக்கி. தமக்கென்று ஒரு கருவியைச் செதுக்கிக்கொள்ளும் அந்த ஆசையை, தம் கைக்கு ஏற்றபடி வீணையைச் செய்வித்துக்கொள்ளும் வித்துவான் அறிவார்.

அந்த ஆசையை வணிகமும் கண்டுகொண்டது. 1935இல் ஸ்மித்–வெஸ்ஸன் நிறுவனம் 357 மேக்னம் என்னும் துப்பாக்கியை வெளியிட்டது. ஒவ்வொன்றும் வாங்குபவர் கேட்ட குழல் நீளத்துடன், கேட்ட குறித்தகட்டுடன், உரியவர் பெயரைப் பதிந்து சான்றிதழ் தரும் ஏற்பாட்டோடு செய்யப்பட்டது. விலை 60 டாலர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அது சிறு தொகையன்று. அதன் தோட்டாவுக்கு மூலம் 38 ஸ்பெஷல். 38 என்ற பெயரே ஒரு பொய். அக்குண்டின் உண்மையான விட்டம் 0.357 அங்குலம். புதிய பெயர் உண்மையைச் சொன்னது. பிலிப் ஷார்ப் என்ற பொழுதுபோக்காளரும் நிறுவனத்தின் டக்ளஸ் வெஸ்ஸனும் வலிய மருந்தளவுகளை ஆராய்ந்து கண்டதன் பயன் அது.

இப்போது இடர் தோன்றியது. குண்டின் விட்டம் ஒன்றே. ஊரெங்கும் பழைய 38 துப்பாக்கிகள் இருந்தன. புதிய வலிய தோட்டாவை யாராவது பழைய துப்பாக்கியில் இட்டுச் சுட்டால்? எச்சரிக்கை அச்சிடலாம், படிப்பவர் படிப்பர். நிறுவனத்தார் உறையை ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் நீட்டினார்கள். நம் பாட்டன்மார் வாய்ப்பாட்டில் அரைக்கால் என்பார்களே, அந்த அளவு. மருந்துக்கு அந்த இடம் தேவைப்படவில்லை. பழைய உறையிலேயே வெற்றிடம் மிஞ்சியிருந்தது. அன்று கோல்ட் அறையைக் குறுக்கினார். இவர்கள் உறையை நீட்டினார்கள்.

கீத் தம் 44க்கும் இவ்வாறே ஒரு வலிய தோட்டா வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக எழுதிக்கொண்டேயிருந்தார். பழைய துப்பாக்கிகள் வெடிக்கும் என்று நிறுவனங்கள் தயங்கின. அத்தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். இறுதியில் ரெமிங்டன் தோட்டாவையும் ஸ்மித்–வெஸ்ஸன் துப்பாக்கியையும் செய்தன. முதல் துப்பாக்கி 1955 டிசம்பரில் முடிந்தது. 1956இல் கடைக்கு வந்தது. இதிலும் உறை 44 ஸ்பெஷலைவிட அதே அரைக்கால் அங்குலம் நீண்டது.

சுழல் துப்பாக்கியின் அறைக்குள், உறை முடியவேண்டிய இடத்தில் ஒரு நுண்ணிய படி உண்டு. குண்டு அதைக் கடந்து போகும், உறை கடக்காது. ஆகவே குறுகிய பழைய தோட்டா புதிய நீண்ட அறையில் தடையின்றி அமரும், சுடவும் சுடும். தாத்தாவின் மேசையறையில் ஒரு பழைய 44 கிடக்கிறது. எதுவும் அறியாத பேரன் கடையில் வாங்கிய மேக்னம் தோட்டாவை அதில் இடுகிறான். தோட்டா பாதிக்கு மேல் போகும். பிறகு படியில் முட்டி நிற்கும். அதன் அடிவிளிம்பு அரைக்கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உருளை மூடாது.